பல்லுக்கொழுக்கட்டையும் குளிசைச் சரையும்

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் காணி கிடைத்து வந்த இரண்டாம் வருடம், அறுபதுகளின் நடுவில், என் மூத்த மகள் வயிற்றில் இருந்தாள். நாலாம் மாதம் பாயை விட்டு எழும்பவே மனமில்லாமல் போயிற்று. சோற்றைக் கண்டால் அழுகை, வாய்க்காலைக் கண்டால் அழுகை, என் புருஷனைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாக அழுகை. அவர் பயந்துபோய் வவுனியாவுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். அங்கே டொக்டர் மனச்சோர்வுக்கென்று புதிதாக வந்த குளிசையை எழுதினார்.

"வயித்துப் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ, டொக்டர்?"

"அது எனக்கு வடிவாத் தெரியாது. நீர் இப்பிடிச் சாப்பிடாமல் கிடந்தால் ரெண்டு பேருக்கும் கூடாது எண்டது வடிவாத் தெரியும்."

அந்தத் 'தெரியாது'வை மச்சாளிடம் போய்ச் சொன்னதுதான் நான் விட்ட பிழை. மச்சாள் என் புருஷனின் அக்கா, பக்கத்துக் காணி. குளிசை மெல்ல வேலை செய்தது. சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், புருஷனோடு சண்டை பிடிக்கவும் தெம்பு வந்தது. மகள் பிறந்தாள். பிறந்த நாள் முதல் மச்சாளுக்கு அவள் 'குளிசைப் பிள்ளை'. அவள் கூடுதலாக நித்திரை கொண்டால் குளிசை, கொள்ளாவிட்டாலும் குளிசை. தும்மினால்கூட விடமாட்டார். நான் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, குசினிக்குள் போய் பிள்ளையின் காதருகே கை தட்டிப் பார்ப்பேன். திரும்பினால் நிம்மதி. ஐந்து நிமிடத்தில் மறுபடி தட்டுவேன். என்னால் என் பிள்ளைக்கு ஏதும் வந்துவிட்டதோ என்ற பயம் என்னைத் தின்றது.

பத்து மாதமாகியும் பல் இல்லை. "பல்லும் கரைஞ்சு போச்சாக்கும்" என்றார் மச்சாள். பதினோராம் மாதம் ஒரு பல் எட்டிப் பார்த்தது. அடுத்த வெள்ளியே, முதற்பல் சடங்குக்குத் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பல்லாகச் செருகிக் கொழுக்கட்டை அவித்தோம்.

பிள்ளையைப் பாயில் இருத்தி, முன்னால் தட்டத்தில் கொப்பி, பேனை, காப்பு, ஒரு பிடி நெல் வைத்தோம். முதலில் எதைத் தொடுகிறாளோ அதுதான் அவள் வருங்காலம். மாமி முறைக்கு மச்சாள்தான் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டினார். மகள் தட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள். கை நீட்டவில்லை.

"பாத்தீரே, மந்தம்" என்றார் மச்சாள். நான் தட்டத்தை அவளுக்குக் கிட்ட நகர்த்தினேன்.

சிதறிய கொழுக்கட்டையைப் பொறுக்க அவர் குனிந்தார். இடுப்பில் ஏதோ சரசரத்தது. மகள் சட்டென்று திரும்பினாள். தட்டத்தைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்து போய், மச்சாளின் சீலைக் கொசுவத்திலிருந்து ஒரு கடதாசிச் சரையை இழுத்தெடுத்தாள். அலுமாரியில் நான் வைத்திருந்த குளிசைச் சரை. டொக்டர் நிற்பாட்டச் சொல்லாததால், தினமும் காலையில் அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் அதைப் பிரிப்பேன். அந்தச் சத்தம் அவளுக்குப் பாடம்.

"பொலிசுக்குத்தான் போகப்போறாள்" என்றார் என் புருஷன். எல்லோரும் சிரித்தோம், மச்சாளைத் தவிர.

வந்தவர்கள் போனபிறகு, சட்டி கழுவிக்கொண்டே மச்சாள் சொன்னார்: "இண்டைக்குத்தான் எடுத்தனான். இன்னும் விழுங்கேல்லை. நீர் திரும்பச் சிரிச்சதைப் பாத்து, எனக்கும் அப்பிடி வருமோ எண்டு…"

"எவ்வளவு காலமா இந்தச் சோர்வு, மச்சாள்?"

"எனக்குப் பிள்ளை இல்லையெண்டு தெரிஞ்ச நாளிலை இருந்து."

அடுத்த கிழமை மச்சாளையும் டொக்டரிடம் காட்ட, பிள்ளையோடு மூவரும் வவுனியா பஸ் ஏறினோம். டொக்டர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, எப்படி வளர்கிறாள் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மச்சாள் முந்திக்கொண்டார்: "கெட்டிக்காரி, டொக்டர். சத்தத்திலையே ஆளைப் பிடிப்பாள்."

அன்று முழுக்க நான் பிள்ளையின் காதருகே கை தட்டவில்லை.