வெளிச்சத்திலும் அலை

போன வாரம் புதுக்கோட்டையில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்ட நர்ஸ், "கண்ணத் தொறக்காம உக்காந்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் சொல்கிற காரியமா அது? சும்மா உட்காரச் சொன்னால் என் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். சின்ன வயதில் தொடையில் தட்டித் தட்டி அம்மாவே ஓய்ந்துபோனாள். பிறகு உள்ளே கூட்டிப்போனார்கள். கறுப்புத் திரையை விலக்கியதும் ஒரு வாடை. வெயில் படாத துணியும் சூடேறிய தகரமும் கலந்த வாடை. டாக்டர் எழுத்தைப் படிக்கச் சொல்கிறார். நானோ கல்லூரியில் இயற்பியல் இருட்டறையில் நிற்கிறேன்.

பி.எஸ்சி. செய்முறைத் தேர்வு அன்று. சித்ராவுக்கு நியூட்டன் வளையச் சோதனை வந்தது. எனக்கு நிறமாலைமானி. இரண்டு பேருக்கும் ஒரே மேசை, ஒரே சோடியம் விளக்கு. சித்ரா ஆலங்குடிக்காரி, நான் கீரமங்கலம். தினமும் ஒரே பஸ்ஸில் வந்து பழகியவர்கள். அன்றைக்குத்தான் அவள் அப்பா சிங்கப்பூருக்குக் கிளம்புகிறார். திருச்சி விமான நிலையத்துக்கு வேனில் போகிற வழியில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பார், தேர்வை முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு.

பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் சோடியம் விளக்கு உடனே எரிந்துவிடுமா? சூடு தணிந்து, ரோஸ் நிறத்தில் முணுமுணுவென்று கிளம்பி, மெல்ல மஞ்சளுக்கு வர வேண்டும். சித்ரா வாசல் திரையைப் பார்க்கிறாள், விளக்கைப் பார்க்கிறாள். அவளுக்காக நான் தவிக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. என் கால் மேசைக்காலை இடித்துக்கொண்டிருந்தது.

"பாவி, ஆட்டாதடி. வளையமெல்லாம் துள்ளும்."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். சிரித்தே பார்க்காத முகம். காலை நாற்காலிக்கடியில் பின்னிக்கொண்டேன்.

மஞ்சள் ஒருவழியாக நிலைத்தது. சித்ரா நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, திருகைத் திருப்பி வளையங்களை எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்துதான். அப்போது திரைக்கு வெளியே ஒரு குரல்.

"சித்ரா, அப்பா கெளம்புறேன்டா."

காத்திருந்து பார்த்துவிட்டு, வேனைத் திருப்பிக் கல்லூரிக்கே வந்திருக்கிறார். சித்ரா கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

தேர்வாளர் எழுந்து போனார். விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ திரையைத் தூக்கிப் பிடித்து, "உள்ள வாங்க. ஒங்க பொண்ணு என்ன பாக்குதுன்னு பாத்துட்டுப் போங்க" என்றார்.

சித்ராவின் அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பயணத்துக்கென்று எடுத்த புதுச்சட்டை. என்ன நிறமோ, அந்த ஒற்றை மஞ்சளில் சாம்பலாகத் தெரிந்தது.

"எந்தக் கண்ண மூடணும்?"

"எடது கண்ணுப்பா."

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "அடேயப்பா! ஊரணியில கல்ல விட்டெறிஞ்ச மாதிரில்ல இருக்கு!"

"அது தண்ணி இல்லப்பா. வெளிச்சம்."

"வெளிச்சத்துலயும் அல இருக்கா?"

"இருக்குப்பா."

அவள் தலையில் கை வைத்தார். "சரிம்மா, வாரேன்" என்றார். வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

அவர் சாய்ந்ததில் நுண்ணோக்கி நகர்ந்திருந்தது. சித்ரா முதலிலிருந்து எண்ணினாள். "கண்ணு கலங்குதுடி, ஒண்ணுமே தெரியல" என்று முனகினாள். தேர்வாளர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மூடியிருந்த ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பேரும் தேறினோம். சித்ரா இப்போது பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவள் அப்பா வருவதும் போவதுமாக இருந்து, முழங்கால் தேய்ந்தபின் ஊரோடு வந்துவிட்டார். சில வருஷம் இருந்தார். இப்போது இல்லை.

சித்ராவின் மகன் துபாயில் இருக்கிறான். "ஏர்போர்ட்டுக்குள்ள போன பொறவும் போன்ல மூஞ்சியக் காட்டிப் பேசிக்கிட்டே இருந்தான்டி. எப்பப் போனான்னே தெரியல" என்றாள் ஒருநாள்.

தேடி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, சொல்லிக்கொண்டு போகிறவர்கள் இப்போது யாரும் இல்லை.