பாம்பனில் பேசாத தெலுங்கு

தெலுங்கு பேசும் குகட்பள்ளியில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த தோழி, கணவரின் சொந்த ஊரான பாம்பன் தீவுக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கு வந்தே தீரவேண்டும் என்று ஓயாமல் ஃபோன். என்னைவிட அவசரம் என் மகளுக்கு. தோழியின் மகளும் அவளும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள். இருவருக்கும் தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்குதான். "தமிழ்ல பேசுங்கடி" என்று நாங்கள் இரண்டு அம்மாக்களும் தொண்டை வற்றக் கத்தியதுதான் மிச்சம்.

பாம்பனில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தோழியின் மகள் நாலைந்து சிநேகிதிகளோடு வாசலில் நின்றாள். "வாங்க அத்தை" என்றாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்ட பிள்ளை. நாங்கள் தலைகீழாக நின்றும் வராத தமிழைத் தீவு ஒரே வருடத்தில் வரவழைத்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். என் மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "ஆடுகுந்தாமா?" என்றாள். விளையாடலாமா என்று கேட்டாள், அவ்வளவுதான். பின்னால் நின்ற பெண்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். தோழியின் மகள் கையை உருவிக்கொண்டாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று தமிழில் சொல்லிவிட்டு அவர்களோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அன்று என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை, உம்மென்று உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தூரம் ரயிலில் வந்தது இதற்கா என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த தோழியிடம் கேட்டே விட்டேன்.

"அவளத் திட்டிராதீங்கக்கா. இங்க வந்த புதுசுல வாயத் தொறந்தா தெலுங்குதான் வரும். பள்ளிக்கூடத்துல பூரா கேலி. மத்தியானம் தனியாத்தான் உக்காந்து சாப்புடுவா. இப்பக் கொஞ்ச நாளாத்தான் அவளுக்குன்னு நாலு பேரு சேந்திருக்காங்க. அதும் போயிருமோன்னு பயப்படுறா."

ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்வது எளிது. ஒன்பது வயதில் அது எவ்வளவு பெரிய பாடு என்று நான் யோசித்ததே இல்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தான் தெலுங்கு பேசினால் அந்தச் சிநேகிதிகள் தோழியின் மகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று தெலுங்கிலேயே கேட்டாள். மாட்டார்களோ என்னவோ என்றேன்.

மறுநாள் அவள் தானாகவே கடற்கரைக்குப் போனாள். மதிலோரம் நின்று பார்த்தேன். அந்தப் பெண்கள் மணலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். இவளும் நொண்டியடித்தாள், கோட்டை மிதித்து அவுட்டானாள், சிரித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஏதாவது கேட்டால் தலையாட்டினாள். இருந்த நாட்கள் முழுக்க இதே கதைதான். குகட்பள்ளியில் என்னையே பேசவிடாத வாயாடி. "புள்ளைக்குப் பேச்சு வராதா?" என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் இரக்கத்தோடு விசாரித்தார்.

கிளம்பும் அன்று சிநேகிதிகள் எல்லோரும் ஆட்டோவைச் சுற்றி நின்றார்கள். ஏறப்போன என் மகள் திரும்பி வந்து தோழியின் மகளைக் கட்டிக்கொண்டாள். காதில் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் இவள் தோளில் முகத்தைப் புதைத்தவள் விடவே இல்லை. அவள் அம்மாதான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

ஆட்டோவில் போகும்போது என்ன சொன்னாய் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டாளாம். தெலுங்கில்தான் சொன்னாளாம். வேறு யாருக்கும் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாளாம், நான் கவலைப்பட வேண்டாமாம்.