நைனா கொடுத்துவிட்ட என் நட்சத்திரம்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் யாரையும் குறை சொல்லி எழுதாதே என்று தம்பி படித்துப் படித்துச் சொன்னான். நைனாவைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அபெனாவைத்தான் சொல்லப்போகிறேன்.

நைனா பள்ளிப்பட்டுக்கு அருகே, மழையை நம்பி நிலக்கடலை போட்ட வீட்டில் பிறந்தார். பத்து வயதில் தகப்பனை இழந்தார். லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்று, சென்னையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் ஓட்டுநரானார். எங்களைத் திருத்தணியில் குடிவைத்துவிட்டு மாதத்தில் முக்கால்வாசி நாள் சாலையிலேயே இருந்தார். கடைசிவரை குடியைத் தொட்டதில்லை. மாட்டுவண்டிக்காரரைக்கூட ஹாரன் அடித்து விரட்டியதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் டெல்லியில் பன்னாட்டு விளையாட்டுப் போட்டி நடந்தது. வீரர்களை ஏற்றிச்செல்ல பஸ்கள் தேவைப்பட, கம்பெனி நைனாவையும் அனுப்பியது. அவர் பஸ்ஸில் ஏறியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கானா நாட்டு வீரர்கள். அதே மாதம் எனக்கு மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓட்டம் இருந்தது. நான் ஓடி நைனா ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தவர், டெல்லிக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து தினமும் போன் வரும்.

"இங்க ஒரு பொண்ணு கீது, பேரு அபெனா. உன்ன மாதிரியே நானூறு மீட்டர். அவங்க ஊர்ல பொறந்த கிழமையையே பேரா வெப்பாங்களாம். அபெனான்னா செவ்வாக்கிழமை! நம்ம முருகனுக்கு உகந்த நாளு பாத்தியா!"

"என் ஓட்டம் என்னிக்குன்னு ஞாபகம் இருக்கா நைனா?"

"ஆங், இருக்கு இருக்கு. காலைல பச்சத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு எப்டி ஓடிகினு கீது தெரியுமா அந்தப் பொண்ணு!"

எந்த மொழியில் பேசிக்கொண்டார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளும் அவரை "நைனா" என்றே கூப்பிடுகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். அந்தச் சொல் எனக்கும் தம்பிக்கும் மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

அவளுடைய ஓட்டத்துக்கு முதல் நாள், முருகன் மலைக்குப் போய் அவள் பேருக்கு அர்ச்சனை செய்யும்படி அம்மாவுக்கு உத்தரவு வந்தது. மறுநாள் காலை ஓட வேண்டிய என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா படியேறினார். தட்டை வாங்கிய குருக்கள் பேரைக் கேட்டார். "அபெனா." நட்சத்திரம்? அம்மா வெளியே வந்து நைனாவுக்கு போன் போட்டார்.

"அது தெரியாதா? நம்ம பாப்பாவோடத சொல்லிடு. சதயம்."

அபெனா, சதய நட்சத்திரம் என்று குருக்கள் உள்ளே சொன்னது என் காதில் விழுந்தது. என் பேருக்கு யாரும் அர்ச்சனை சொல்லவில்லை. மறுநாள் நான் நான்காவதாக வந்தேன். மூன்று பேருக்குத்தான் பதக்கம். என் அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொண்டு போனவளாவது ஜெயித்தாளா? அரையிறுதியிலேயே கடைசி.

நைனா திரும்பி வந்ததும் நேரே மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். ஜெயித்தால் மொட்டை என்று வேண்டிக்கொண்டாராம். தோற்றதற்கு எதற்கு என்று அம்மா கேட்டார். "அவ்ளோ தூரத்துலேந்து வந்து ஓடிச்சே, பாவம்" என்றார். நான் ஓடியது இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம்தான். அதனால் எனக்கு மொட்டை இல்லை. அபெனாவோடு எடுத்த போட்டோ சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. என் சான்றிதழ் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. அதற்குப் பிறகு நான் ஓடவில்லை.

சிறுநீரகம் கெட்டு நைனா படுத்திருந்த கடைசி வாரத்தில்தான் கேட்டேன்.

"ஏன் நைனா என் நட்சத்திரத்த அவளுக்குக் குடுத்த?"

அவர் யோசிக்கவேயில்லை. "எனக்கு வேற யாரோடது தெரியும்? உங்கம்மாவுதும் தெரியாது, தம்பியோடதும் தெரியாது. நீ பொறந்தப்ப நான் விஜயவாடா வண்டியில இருந்தேன். போன்ல சதயம்னு சொன்னாங்க. மறந்துடப் போறேன்னு துண்டு சீட்டுல எழுதி ஸ்டியரிங் எதிர்ல ஒட்டிகினு வந்தேன். வீடு வந்து சேர்றதுக்குள்ள மனப்பாடம் ஆயிடுச்சி."

"இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கலியேம்மா."

நைனாவை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், ரத்தம் கொடுத்த ஓட்டுநர் நண்பர்களுக்கும், ஆர்.கே.பேட்டையிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த சித்தப்பாவுக்கும், அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. செய்தி கேட்டு, அழுதுகொண்டே "நைனா, நைனா" என்று குரல் பதிவு அனுப்பிய அபெனாவுக்கும் நன்றி. அரை மனதோடுதான். என்னைவிட நன்றாக அழுதிருந்தாள்.

அபெனா இப்போது கானா அணிக்குப் பயிற்சியாளர். இந்த ஆண்டு நடந்த பன்னாட்டுப் போட்டியில் அவள் பழக்கிய நான்கு பெண்கள் தொடர் ஓட்டத்தில் ஓடினார்கள். நைனா இருந்திருந்தால் யாரை மலைக்கு அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானே போனேன். நான்கு பெயர்களையும் கையில் எழுதிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"நாலு பேருக்கும் சதயம் சாமி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான். ஆனா என் பேரு மொதல்ல சொல்லுங்க."