காத்து அடிச்சிருச்சு!

மூன்று நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஃபேக்டரி பைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன். குமிழி வருகிறதா... இல்லை. திரும்பி வருகிறேன். மறுபடி சந்தேகம்! என்ன ஆச்சு இந்த ஆளுக்கு என்கிறீர்களா?

செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நான் ஃபிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கரியை எரித்து கேஸ் எடுக்கும் பிளான்ட் ஒன்று உண்டு. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு வாங்கியது. அந்த கேஸில்தான் இன்ஜின் ஓடும், ரப்பர் ஷீட் பிழியும் ரோலர் சுற்றும். எங்கள் ஆட்கள் கேஸைக் 'காத்து' என்பார்கள்.

கொஞ்ச நாளாகக் காத்து குறைந்துகொண்டே வந்தது. ரோலர் முக்கியது, முனகியது. துரைக்குப் பொறுக்குமா? "புளோவர் மாட்டித் தள்ளு" என்றார். கேஸை அழுத்தித் தள்ளும் அந்த விசிறியை மாட்டினேன். அடேயப்பா, ரோலர் பறந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பைப்பில் இருந்த பழைய ஓட்டைகளை மட்டும் நான் யோசிக்கவில்லை. இன்ஜின் உறிஞ்சியவரை அவை வெளிக்காற்றை உள்ளே இழுத்தன. இப்போது தள்ளுகிறோமே — கேஸ் வெளியே வராதா? அது ஆளைக் கொல்லும் விஷம்.

திங்கட்கிழமை மத்தியானம் இன்ஜின் டிரைவர் அந்தோணி சுருண்டு விழுந்தான். நான் ஓடி வருவதற்குள் அவனைப் பக்கத்து அறையில் போட்டுவிட்டார்கள்.

"காத்து அடிச்சிருச்சு லா! கதவச் சாத்து, சாம்பிராணி போடு!" என்று கங்காணி கத்துகிறார்.

காத்து அடித்தது வாஸ்தவம்தான். எந்தக் காத்து?

"பேய்க் காத்து இல்ல கங்காணி, பைப்புக் காத்து! தொறங்க!"

யார் கேட்டார்கள்? கதவை உதைத்துத் திறந்து அவனை வெளியே இழுத்துப் போட்டேன். ஆள் அசையவில்லை. இன்ஜினையும் புளோவரையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். எவ்வளவு நேரமோ... கடைசியில் இருமினான், வாந்தி எடுத்தான். பிழைத்துக்கொண்டான்.

அவன் மனைவி ரோஸம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, பேய் வாயிலேருந்து எம் புருசன மீட்டுக் குடுத்தீங்க!" நேற்று கோழிக் குழம்பு வேறு கொடுத்தனுப்பினாள். தொடாமல் மூடி வைத்துவிட்டுப் பைப்பைப் பார்க்கப் போனேன்.

குறைந்து போவதைத் தள்ளி ஓட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள்தான். தள்ளும்முன் ஓட்டை எங்கே என்று பார்க்கிறோமா?

வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி உரக்க வாசிப்பார். ரோஸம்மாவும் கேட்பாள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன்.

தங்கச்சி, அது பேய் இல்லை — நான் மாட்டிய புளோவர்.