முளை கட்டி வந்த வள்ளம்

மட்டக்களப்பு வாவியில் சாமான் ஏற்றும் வள்ளக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்குள் பெண் என்றால் புளியந்தீவு மார்கிறட் ஒருத்திதான். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு சீதனமாகப் போகும். மார்கிறட்டின் தகப்பன் இராயப்புவுக்கோ வீடு ஒன்று, பெண்கள் இரண்டு. "வீட்டைத் தங்கச்சிக்குக் குடுங்கப்பா, எனக்கு ரெண்டு வள்ளத்தையும் தாங்க" என்று அவளே கேட்டு வாங்கினாள். ஊர் வாயைப் பிளந்தது. பிளந்த வாயை மூடுவதற்குள் அவள் வள்ளங்களுக்குப் புதுக் கூரை வேய்ந்து தொழிலைத் தொடங்கிவிட்டாள்.

ரயிலில் வந்து இறங்கும் கோதுமை மா, சீனி, சீமெந்து எல்லாம் அவளுடைய வள்ளத்தில் வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகும். திரும்பும்போது நெல் வரும், விறகு வரும். வெறும் வள்ளம் ஓட்டுவது அவளுக்கு அறவே பிடிக்காது. எந்த ஊர்க் கடையில் மா தீரப்போகிறது என்பது கடைக்காரனுக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும். அவன் ஆள் அனுப்ப யோசிக்கும்போதே இவள் துறையில் வந்து நிற்பாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை, தன் மூடைகள் நனைவதில்லை என்பது. அடியில் பலகைத் தட்டு, அதன்மேல் வைக்கோல், மேலே இரட்டைக் கூரை. கொட்டும் மாரியிலும் மூடையைத் தட்டினால் தூசி பறக்கும். "மார்கிறட்டின்ட வள்ளத்தில ஏத்தினா நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்" என்று நெல் வியாபாரி மீராசாஹிப் கடைத்தெருவில் சொல்லித் திரிவார். அதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இல்லை என்று பொய் சொல்லமாட்டாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் பெருவெள்ளம் வந்தது. படுவான்கரையின் தென்பக்கத்தில் பெரிய நிலக்காரரான கந்தப்போடியாரின் வயல்வட்டை முழுவதும் பயிரோடு அழுகிப் போயிற்று. அவரை நம்பி அந்த வயலில் பல குடும்பங்கள் இருந்தன. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டதும் வெள்ளம் வடிந்தது. போடியார் மனம் தளராமல் எருமைகளை விட்டு வயலை மறுபடி சேறாக மிதிக்கச் சொல்லிவிட்டு, விதைநெல் தேடி வந்தார். குறுகிய காலத்தில் விளையும் நெல்லை மீராசாஹிப் வெளியூரிலிருந்து தருவித்துக் கொடுத்தார். ஆனால் அது கைக்கு வந்து சேரவே பல நாள் பிந்திவிட்டது.

துறையில் அடுக்கியிருந்த மூடைகளின்மேல் போடியார் குந்திவிட்டார்.

"என்ன போடியார், நெல்லுக் கிடைச்சும் முகம் இப்பிடி இரிக்கு?" என்றாள் மார்கிறட்.

"நெல்லுக் கிடைச்சென்ன புள்ள? முகத்துவாரம் வெட்டினதில வாவி வத்திப்போச்சு, வள்ளம் மெல்லத்தான் போகும். அங்க போய் இறக்கி, ஊறப் போட்டு, முளை கட்டி எடுக்கிறதுக்குள்ள சேறு இறுகிப் போயிரும். மறுகா, திரும்ப மிதிக்க மழையும் இல்ல, எருமையும் கிடைக்காது. இந்தப் போகம் போனா என்ட சனம் பட்டினிதான்."

மார்கிறட் அவர் குந்தியிருந்த மூடையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப வள்ளத்திலயே முளை கட்டுவம்" என்றாள்.

அவளுடைய வள்ளத்தைச் செலுத்தும் தண்டையல் நல்லரத்தினம் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டான். "அக்கா! நம்மட வள்ளத்தில நனைஞ்ச மூடையா?"

"ஓம். இங்க தண்ணி உப்பு, முளை கருகிப்போகும். குருக்கள்மடம் தாண்டினா நல்ல தண்ணி. அங்க நனைப்பம்."

போடியார் தலையை ஆட்டினார். "வழியில தரை தட்டினா? முளை நீண்டு, வேர் பின்னி, கஞ்சிக்கும் உதவாம போயிருமே."

"பழுதாப்போனா, மார்கிறட் கெடுத்தாள் எண்டு ஊரெல்லாம் சொல்லுங்க. நீங்க தரையால முன்னுக்குப் போய் ஆக்களைத் துறையில நிப்பாட்டுங்க."

வேறு வழி இல்லை. போடியார் எழுந்து போனார். நெல் ஊறினால் பருக்கும் என்பதால் ஒவ்வொரு மூடையிலும் கொஞ்சம் எடுத்து வேறு சாக்குகளில் போட்டுத் தளர்வாகக் கட்டினார்கள். வாடைக் காற்றுக்குப் பாய் விரித்து வள்ளம் தெற்கே போயிற்று. குருக்கள்மடத்துக்கு அப்பால் மார்கிறட் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். உப்பில்லை. மூடைகளைக் கயிற்றில் கட்டி வள்ளத்தின் இருபுறமும் வாவியில் இறக்கச் சொன்னாள். முதல் மூடை தண்ணீருக்குள் போயிற்று. அவளுடைய பத்து வருடப் பெயர் குமிழி விட்டுக்கொண்டு தாழ்ந்தது.

மறுநாள் காலையில் மூடைகளைத் தூக்கி, நீர் வடியவிட்டு, வைக்கோலால் மூடிப் புறப்பட்டார்கள். பின்னேரம் சாக்குக்குள் கையை விட்டால் இளஞ்சூடு. நெல் விழித்துவிட்டது. இனி அது யாருக்காகவும் காத்திருக்காது.

போடியார் பயந்தது நடந்தது. வாவி வற்றி மேடு தட்டிய இடத்தில் வள்ளம் சேற்றில் அமர்ந்தது. கம்பு ஊன்றித் தள்ளினார்கள், அசையவில்லை. நனைந்த மூடை கல்லாகக் கனத்தது. "அக்கா, தண்ணி ஏறுமட்டும் நிப்பமா?" என்றான் நல்லரத்தினம்.

"நாம நிப்பம். நெல்லு நிக்காது."

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கியவள் அவள்தான். முழங்கால்வரை சேறு. அயலில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூவி அழைத்தாள். மார்கிறட்டின் குரலுக்கு வராத ஆள் அந்த வாவியில் ஏது? அவர்களுடைய தோணிகளுக்கு மூடைகளை மாற்றி, பாரம் குறைந்த வள்ளத்தை எல்லோருமாக ஆழத்துக்கு இழுத்தார்கள். மறுபடி ஏற்றும்போது ஒவ்வொரு சாக்கையும் பிரித்துக் கிளறி, சூடு தணியத் தண்ணீர் தெளித்தாள். அன்றிரவு யாரும் தூங்கவில்லை.

அடுத்த நாள் வெயில் ஏறுமுன் துறை தெரிந்தது. கரையில் விதைப்பெட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள். போடியாரின் மனைவி சீதேவிப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, வள்ளம் கட்டுமுன்னே ஒரு சாக்குக்குள் கையை விட்டாள். உள்ளங்கையில் வந்த நெல்லெல்லாம் வெள்ளை மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றோடு ஒன்று பின்னவில்லை.

"பதம்! நல்ல பதம்!" என்று அவள் கரையைப் பார்த்துக் கத்தினாள். அழுகையும் சேர்ந்து வந்தது.

மூடைகள் வீட்டுக்குப் போகவில்லை. துறையிலிருந்து நேரே வயலுக்குப் போயின. சேறு இன்னும் இளகித்தான் இருந்தது. வட்டையில் முதல் பிடி போடுவது போடியாரின் உரிமை. கந்தப்போடியார் பெட்டியில் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். "இஞ்ச வா புள்ள" என்று மார்கிறட்டைக் கூப்பிட்டார். "முதல் பிடி நீ போடு."

எவ்வளவோ நெல் ஏற்றி இறக்கியவள்தான், ஆனால் ஒரு வயலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. விதைக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. கை நிறைய அள்ளி வீசினாள். நெல் பரவாமல் ஒரே இடத்தில் பொத்தென்று விழுந்தது. வயல் முழுக்கச் சிரிப்பு. நல்லரத்தினம் சிரித்த சிரிப்பு மற்றக் கரைக்குக் கேட்டிருக்கும். மார்கிறட்டின் முகம் சிவந்தது.

"ஒருத்தரும் அதைக் கலைக்கக் கூடாது" என்றார் போடியார். "அந்த இடம் அப்பிடியே விளையட்டும். கேக்கிறவங்களுக்கு நான் சொல்லுறன், அது மார்கிறட் விதைச்சதெண்டு."