மூன்று தவ் கூட

சென்ற வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பள்ளி வேனின் டிரைவராக இருந்த தங்கராஜ் மாட்டுங்காவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், மீரான் பாய் போயிட்டாரு. டீ கேட்டிருக்காரு. டீ வர்றதுக்குள்ள போயிட்டாரு" என்றார். மத்தியானத் தொழுகை முடிந்து அடக்கம் செய்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மீரான் பாய் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். எஞ்சினைத் திறக்குமுன் 'பிஸ்மில்லாஹ்' சொல்வார். திறந்ததும் அதைத் திட்ட ஆரம்பிப்பார். கையெழுத்துப் போடுவார். அதற்குமேல் எழுதப் படிக்கத் தெரியாது. அதை ஒருநாளும் மறைத்ததில்லை.

நாங்கள் பழகியது ஒரு வேனால். ஆறேழு வருடத்துக்கு முன், மாட்டுங்காவில் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். செம்பூர்க் காலனிக் குழந்தைகளை எங்கள் பழைய வேன்தான் ஏற்றி வந்தது. குர்லாவில் ரயில் மாற்றி வர ஆறு வயதுக் குழந்தையை எந்தத் தாய் அனுப்புவாள்? வேன் நின்றால் அவர்கள் வீட்டருகே வேறு பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள்; அவர்களுடைய தமிழ்ப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அந்த மே மாதம் வேன் சயானில் கொதித்து நின்றது. பதற்றத்தில் தங்கராஜ் சூடு ஆறுமுன் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஓடாவிட்டால் வேனை விற்றுவிடலாம் என்று கமிட்டிச் செயலாளர் சொல்லிவிட்டார்.

மீரான் பாய் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். "பாத்தீயளா வாத்தியாரே, பால் ஊத்தின டீ கணக்கா இருக்கு. எண்ணெயில தண்ணி கலந்திருக்கு." எஞ்சினைத் திறந்து, உள்ளே மண்ணெண்ணெய் தடவித் துடைத்தார். பிறகு என் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கித் தேய்த்தார். மூன்றாவது சிலிண்டரின் சுவரில், வெள்ளைப் பொடி நடுவே, விரல் நீளத்துக்கு ஈரக் கோடு ஒன்று மெல்லத் தெரிந்தது: விரிசல்.

"புது பிளாக்குக்குச் சீமைக்கு எழுதிப்போட்டா உம்ம பேரன்தான் வாங்குவான். ஸ்லீவ் போடுவோம்" என்றார். சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்த ஒரே இரும்பு வார்ப்புதான் பிளாக். அதில் விரிசல் விட்ட சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடைந்து, அதற்குள் ஒரு புது இரும்புக் குழாயை இறுக்கமாக இறக்குவதுதான் ஸ்லீவ். குர்லாவின் பழைய இரும்புக் கடைகளில் நான்கு நாள் அலைந்து அதற்கான வார்ப்பைக் கண்டுபிடித்தார்.

அதைக் கடைய வேண்டியவர் ஒரு மராத்தி லேத்காரர். அவருக்கு மராத்தியில் சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கு. "துவாரத்தைவிட மூணு தவ் கூட" என்றார் பாய். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று தவ் ஒரு தலைமயிரின் பருமன்.

நான் யோசித்தேன். துவாரத்துக்குள் போகவேண்டிய பொருள் துவாரத்தைவிடச் சிறியதாகத்தானே இருக்கவேண்டும்? பாய் வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று, பையன்களின் நோட்டைத் திருத்துவதுபோல, 'மூன்று தவ் குறைய' என்று எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்லீவ் வந்தது. பாய் அதைச் சிலிண்டரின் வாயில் வைத்துக் கையை எடுத்தார். கிணற்றில் வாளி இறங்குவதுபோல் அது தானாகவே இறங்கிவிட்டது. செயலாளர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இது யார் சொன்ன அளவு?" என்றார்.

பாய்க்குச் சீட்டை வாசிக்கத் தெரியாது. என் முகத்தை வாசித்துவிட்டார்.

"நான் சொன்னதுதான் சார். தப்பிப்போச்சு."

"இதுக்குத்தான் தாராவியில விடவேண்டாம்னு சொன்னேன்" என்று செயலாளர் கிளம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் பாய் கேட்டார்: "ஸ்லீவ்னா உம்ம ஜிப்பாக் கையின்னு நெனச்சீரோ, தொளதொளன்னு போட?" பிறகு விளக்கினார். ஸ்லீவை உப்புப் போட்ட ஐஸில் வைத்தால் சுருங்கும்; பிளாக்கில் கொதிநீர் ஊற்றினால் விரியும்; அந்த நேரம் பார்த்து இறக்கினால், பிறகு எவனாலும் அசைக்க முடியாது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை உதாரணம் காட்டி இதே பாடத்தை நாலாம் வகுப்புக்கு இருபது வருடம் நடத்தியவன் நான்.

குறைத்துக் கடைந்த இரும்பைக் கூட்ட முடியாது. வேறு வார்ப்புத் தேட நாளும் இல்லை. மறுநாள் பாய் தம் வொர்க்‌ஷாப்பில் டயர்களுக்குக் காற்றடிக்கும் எஞ்சினைப் பிரித்து, அதிலிருந்த பெரிய ஸ்லீவை உருவி எடுத்தார். அந்த மழைக்காலம் முழுதும் அங்கே கைப்பம்பால்தான் காற்றடித்தார்கள்.

"பேப்பரை எடும்" என்றார்.

"வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள், பாய்."

"எதுக்கு? இப்ப உம்மைவிடக் கவனமா எழுதுறவன் பம்பாயில எவன்வே இருக்கான்?"

எழுதினேன். மூன்று முறை வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஐஸும் உப்பும் கொதிநீருமாக ஸ்லீவை இறக்கினார். ஆவி அடங்கியதும் சுத்தியலால் தட்டிக் காட்டினார். கண்டாமணிபோல் ஒலித்தது. பள்ளி திறந்த அன்று செம்பூர்க் குழந்தைகள் ஒருவர் குறையாமல் வந்து இறங்கினார்கள்.

அதுவரை, ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்னால் நான் அடுத்த பிள்ளையைக் கேட்பேன். அதற்குப்பின் ஓய்வு பெறும்வரை, தப்பாகச் சொன்ன பிள்ளையிடமே மறுபடி கேட்டேன். எத்தனை பிள்ளைகள் இரண்டாம் முறை சரியாகச் சொன்னார்கள் தெரியுமா!

செயலாளரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றபோது பாய் தடுத்தார். "தலைமையாசிரியருக்கே கணக்கு வரலைன்னு ஆனா பள்ளிக்கூடத்துக்கு எவன் புள்ளையை அனுப்புவான்? சும்மா இரும்." அது எனக்கு வசதியாகவும் இருந்தது, சும்மா இருந்துவிட்டேன்.

கபர்ஸ்தானில் செயலாளர் என் பக்கத்தில் நின்றார். "நல்ல கைக்காரர். நம்ம வேன்ல மட்டும்தான் அளவு தப்பிட்டார்" என்றார், அன்பாகத்தான். அங்கேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை நம்ம தமிழ்ச் சங்க மலர்ல எழுதுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். மண் தள்ளி முடியும்வரை இருவரும் நின்றோம்.

பாய், நீங்கள் சொன்னது 'கூட'. 'குறைய' என்று எழுதியவன் நான். இந்தமுறை நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.