பால் கொடுக்கும் நேரம்

பதுளையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தேயிலைத் தோட்டங்களுக்கு வருகைப் பதிவு புரோகிராம் போட்டுக்கொடுப்பதும், அவரவர் தேவைக்கு அதை மாற்றித் தருவதும் எங்கள் வேலை. நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்று என் பொறுப்பு.

அங்கே ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள், நடுவில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். வேலையை விட்டுப் போனதாக எடுத்துக்கொண்டு புரோகிராம் அவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டது. எனக்குக் கோபம் வந்தது. எல்லா அனுமதியும் உள்ள பாஸ்வேர்ட் என் கையில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிலேயே கைவைத்து, அந்த நேரத்தைக் கழிக்காதபடி மாற்றிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, எங்கும் எழுதி வைக்கவுமில்லை. நல்ல காரியம்தானே என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்துப் புது வெர்ஷனை அங்கே ஏற்றியதும் நான்தான். என் திருத்தம் அதில் அழிந்துபோகும் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுத்த முறை போனபோது ஆபீஸ் வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள்.

"நீங்கதானே கம்பியூட்டர் பாக்குறவங்க? ஆறு நாள் அரைப்பேர் விழுந்துச்சுங்க. அதான் பால் குடுக்க வர்றதயே நிறுத்திட்டேன்."

"அப்ப பிள்ளைக்கு?"

"ஆயாம்மா மாப்பால் கரைச்சுக் குடுக்குறாங்க. அழுவுறான்."

நேரே தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"முதல்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா, அதைச் சட்டமாவே போட்டிருப்பேனே" என்றார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அந்த ஆறு நாளையும் முழுப்பேராக்க அவர் கையெழுத்துப் போட்டார். புது வெர்ஷன் வந்தாலும் அழியாதபடி திருத்தத்தைத் தனிப் பகுதியாக எழுதி, ஒரு நகலில் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றினேன். பால் நேரத்தை மட்டும் பதிகிற அனுமதியை ஆயாவுக்குக் கொடுத்தோம். என் முழு அனுமதியை நானே குறைத்துக்கொண்டேன். நல்ல எண்ணம் இருப்பவளுக்குப் பூட்டு எதற்கு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன்.

"ரெண்டு நாள் மொகத்தத் திருப்பிக்கிட்டான். நேத்துதான் குடிச்சான்" என்றாள்.